கையெழுத்தில்லாத தீர்ப்பு: சங்கீதப் போட்டிகளின் சரித்திரம் பற்றி

1

1927ஆம் வருஷம் ஜனவரியில் வார்சா நகரில் ஷோப்பானின் பெயரால் ஒரு பியானோ போட்டி நடந்தது. அதே வருஷம் டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்று நடந்தது. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட இரண்டு பதில்கள் என்று இன்று பார்க்கும்போது தோன்றுகிறது. அரசவையும் பிரபுக்களின் ஆதரவும் போய்விட்ட பிறகு, ஒரு சங்கீதக்காரன் எந்தத் தரத்தவன் என்று சொல்ல வேண்டியது யார்? எந்த முறையில் சொல்வது? வார்சா போட்டி வைத்தது. சென்னை மகாநாடு கூட்டியது. மகாநாட்டுத் தீர்மானத்தின் விளைவாக மறு வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி மியூசிக் அகாடமி தோன்றிற்று.

வார்சாப் போட்டியைப் பின்பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறகு எத்தனையோ சர்வதேசப் போட்டிகள் வந்தன. சென்னையில் வரவில்லை. தேர்ந்த வித்வான்கள் தங்களுக்குள் போட்டியிட்டு, நடுவர்கள் உட்கார்ந்து, இன்னார் முதல், இன்னார் இரண்டாவது என்று அறிவிக்கும் ஒரு ஸ்தாபனம் கர்நாடக சங்கீதத்தில் உண்டாகவே இல்லை. போட்டி என்பது இங்கே குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்ட காரியம். கடைசியில் நம் சங்கீதத்துக்கும் சர்வதேசப் போட்டி என்று சொல்லத்தக்க ஒன்று வந்தபோது, அது மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வரவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கிளீவ்லண்டில் வந்தது. அதுவும் சிறுவர் சிறுமியருக்கானதாகவே வந்தது. இது ஏன் இப்படி ஆயிற்று, இதனால் நமக்கு லாபமா நஷ்டமா என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

2

'சங்கீதம் போட்டிக்கு அப்பாற்பட்டது, அது உபாசனை' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. சபா மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. சரித்திரம் இதற்கு ஆதரவாக இல்லை. தஞ்சாவூர் அரசவைக்கு பொப்பிலி கேசவய்யா வந்து சவால் விட்டதும், சியாமா சாஸ்திரி காமாக்ஷியை வேண்டிக்கொண்டு சபைக்குப் போய் அவரை வென்றதும் சங்கீத உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிந்தாமணி ராகத்து 'தேவி ப்ரோவ' கிருதியை இந்தச் சந்தர்ப்பத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். இதில் சரித்திரம் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் இப்படி ஒரு கதையை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால், போட்டி அதற்கு அந்நியமான விஷயமாக இருந்திருக்க முடியாது. மகா வைத்தியநாதையர் பன்னிரண்டு வயதில் கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில், வித்வான்கள் கூடிய சபையில் பாடித்தான் 'மகா' பட்டம் பெற்றார். உ.வே. சாமிநாதையர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பழைய போட்டிகளில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அவை பரீட்சை பண்ணியது மனோதர்மத்தைத்தான். ஒருவர் ஒரு தானத்தைப் பாடுவார், எதிராளி அதே வழியில் பதில் பாட வேண்டும். ஒருவர் சிக்கலான தாளத்தில் பல்லவியைத் தொடங்குவார், மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மதிப்பெண் கிடையாது. அளவுகோல் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு வித்வான்தான். அவனால் முடிந்ததா இல்லையா என்பது சபைக்கே தெரிந்துவிடும். தோற்றவன் தம்பூராவை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் கதைகளில் வருகின்றன. குரூரமான முறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பு எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. ஆகவே மனோதர்மத்தைப் போட்டியில் வைக்கவே முடியாது என்பது சரியல்ல. வைத்திருக்கிறோம். பிறகு விட்டுவிட்டோம்.

3

வார்சாப் போட்டியை ஆரம்பித்த ஷுராவ்லெவ் பியானோ ஆசிரியர். முதல் யுத்தத்துக்குப் பின் இளைஞர்களுக்கு விளையாட்டில் இருந்த மோகத்தைப் பார்த்து, அந்த வேகத்தை ஷோப்பானின் பக்கம் திருப்பலாம் என்று நினைத்தார். விளையாட்டுப் பந்தயத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் இது தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் பரிசு சோவியத் நாட்டின் லெவ் ஒபோரினுக்குக் கிடைத்தது. கலந்துகொண்டு பரிசில்லாமல் ஒரு சான்றிதழோடு திரும்பியவர்களில் இருபது வயது ஷோஸ்டகோவிச்சும் ஒருவர்.

1937இல் பிரஸ்ஸல்ஸில், வயலின் மேதை இஸாயியின் பெயரால் ஒரு போட்டி. டேவிட் ஓஸ்ட்ராக் அதில் வென்றார். யுத்தத்துக்குப் பின் அது எலிஸபெத் ராணியின் பெயரில் தொடர்ந்தது. 1958இல் மாஸ்கோவில் சாய்கோவ்ஸ்கி போட்டி. முந்தைய வருஷம்தான் ஸ்புட்னிக் வானத்தில் ஏறியிருந்தது. சோவியத் கலையின் மேன்மையைக் காட்ட நடந்த போட்டியில் டெக்ஸாஸ்காரரான வான் கிளைபர்ன் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர் முதல் பரிசு பெற்றார். அமெரிக்கனுக்குப் பரிசு கொடுக்கலாமா என்று குருஷ்சேவிடமே கேட்டுக்கொண்டார்கள் என்பார்கள். சர்வதேசப் போட்டி என்றால் அதில் தேசங்களும் போட்டியிடுகின்றன.

இந்தப் போட்டிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அங்கே சங்கீதம் எழுதி வைக்கப்பட்டது. ஷோப்பானின் ஒரு பல்லாடை அறுபது பேர் வாசித்தாலும் ஸ்வரங்கள் ஒன்றே. வித்தியாசம் வாசிப்பின் தொனியில், வேகத்தில், அர்த்தத்தில். நடுவர் மனசில் மூலப்பிரதி இருக்கிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இருந்தும் தகராறு ஓயவில்லை. 1955இல் அஷ்கெனாஸிக்கு இரண்டாம் பரிசு என்று முடிவானபோது நடுவர் மிக்கெலாஞ்ஜெலி தீர்ப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். 1980இல் யுகோஸ்லாவியாவின் இவோ போகொரெலிச்சை முன்வைத்து இரண்டு நடுவர்கள் விலகினார்கள். அவர் முதல் சுற்றில் தேறியதே தப்பு என்று லூயி கென்ட்னர் விலகினார். இறுதிச் சுற்றுக்கு அவரை அனுப்பாதது தப்பு என்று மார்த்தா ஆர்கெரிச் விலகினார். ஆர்கெரிச் 1965இல் அதே மேடையில் முதல் பரிசு பெற்றவர். அந்த வருஷப் பரிசு வியட்நாமின் டாங் தாய் ஸோனுக்குப் போயிற்று. ஆசியாவிலிருந்து அங்கே முதல் பரிசு பெற்ற முதல் மனிதர் அவர். அவருடைய வெற்றியைவிடப் போகொரெலிச்சின் தோல்வியே உலகில் அதிகம் பேசப்பட்டது என்பது அவருக்கு நேர்ந்த அநியாயம்.

இந்தச் சம்பவங்களைக் காட்டி, 'பார்த்தீர்களா, போட்டியால் கலையை அளக்க முடியாது' என்று சொல்வது சுலபம். எனக்கு வேறு ஒன்று முக்கியமாகப் படுகிறது. இவை எல்லாம் நமக்குத் தெரிகின்றன. யார் நடுவராக இருந்தார், யார் மறுத்தார், எதற்காக மறுத்தார் என்பதெல்லாம் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. 2015இல் ஒவ்வொரு நடுவரும் போட்ட மதிப்பெண்களை வெளியிட்டார்கள். அந்த வருஷம் முதல் பரிசு பெற்ற கொரியாக்காரர் சோங்-ஜின் சோவுக்கு இறுதிச் சுற்றில் பிலிப் ஆந்த்ரமோன் பத்துக்கு ஒன்று போட்டிருந்ததை உலகமே பார்த்தது. ஆந்த்ரமோன் செய்தது சரியா தவறா என்பது வேறு. அவர் பெயர் அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

4

சென்னைக்கு வருவோம். மியூசிக் அகாடமியை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், டாக்டர்கள். முதல் தலைவர் யு. ராமராவ் டாக்டர். காரியதரிசிகளில் ஒருவரான இ. கிருஷ்ணையர் வக்கீல். துவக்கி வைத்த சி.பி. ராமஸ்வாமி ஐயரும் வக்கீல். சங்கீதத்துக்குத் தமக்குத் தெரிந்த முறையை இவர்கள் கொண்டுவந்தார்கள்: விவாதம், தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு. டிசம்பர் காலை வேளைகளில் நிபுணர் குழு கூடி ராக லக்ஷணங்களைப் பற்றி வாதித்தது. இந்த ராகத்தில் இந்தப் பிரயோகம் வருமா, வராதா? எந்தப் பெரியவர் எப்படிப் பாடினார், எந்தக் கிரந்தம் என்ன சொல்கிறது? 1930லிருந்து வெளியான அகாடமியின் சஞ்சிகையில் இவை அச்சாகியிருக்கின்றன. யார் எந்தக் கட்சி பேசினார் என்பதைக்கூட அதில் பார்க்கலாம். நம் சங்கீதச் சரித்திரத்தில் இது மகத்தான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ராகத்துக்குக் காரணம் எழுதிய அகாடமி, மனிதருக்குக் காரணம் எழுதவில்லை. 1942இல் சங்கீத கலாநிதி பட்டம் ஏற்பட்டது. அதற்கு முன்பு மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்களுக்கும் அது வழங்கப்பட்டது. ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன, இன்னொருவரை விட்டதற்குக் காரணம் என்ன என்பது வெளியே தெரியாது. பட்டமளிப்பின்போது படிக்கப்படும் பாராட்டுரையில் குருபரம்பரையும் பெற்ற விருதுகளும் இருக்கும். அவர் சங்கீதம் என்ன என்பது அதில் அபூர்வம். முதல் முதலாக ஒரு பாடகி அந்தப் பட்டத்தைப் பெற 1968 வரை, எம்.எஸ். சுப்புலக்ஷ்மி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நாகஸ்வர வித்வான்களில் அதைப் பெற்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை பெறவில்லை. தவில், நாகஸ்வரம் இல்லாமல் இந்தச் சங்கீதம் தஞ்சாவூர் ஜில்லாவில் வளர்ந்திருக்காது என்று எல்லோரும் பேசுவார்கள். பேச்சோடு சரி.

பட்டம் வருஷத்துக்கு ஒன்று. மற்றவர்களுக்கு டிசம்பரில் சபாக்களின் நேர அட்டவணையே மதிப்பெண் பட்டியல். மத்தியானம் பன்னிரண்டு மணிக் கச்சேரி, இரண்டு மணிக் கச்சேரி, நாலு மணிக் கச்சேரி, ராத்திரிக் கச்சேரி. ராயப்பேட்டையில் அகாடமியிலானாலும் தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவிலானாலும் மயிலாப்பூர் சபாக்களிலானாலும் இந்த ஏணி ஒன்றுதான். யாரை எந்தப் படியில் வைப்பது என்று காரியதரிசியும் குழுவும் தீர்மானிப்பார்கள். நாலு மணியிலேயே பத்து வருஷம் நிற்பவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அவரும் கேட்க மாட்டார். கேட்டால் நாலு மணியும் போய்விடும்.

இந்த நிலையில் முறையான தரப்படுத்தல் ஒன்று வந்தது அரசாங்கத்திடமிருந்துதான். பி.வி. கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது, 1950களின் ஆரம்பத்தில், அகில இந்திய வானொலி எல்லாக் கலைஞர்களையும் குரல் தேர்வுக்கு உட்படுத்தித் தரம் பிரித்தது. பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்ற எழுத்துகள் வித்வான்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பாடுபவர் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு நடுவர்கள் தீர்மானிப்பது என்பது அதன் கொள்கை. தேசம் பூராவும் எதிர்ப்பு எழுந்தது. இவ்வளவு காலம் பாடியவனைப் பரீட்சைக்குக் கூப்பிடுவதா என்ற கோபம் நியாயமானதே. ஆனால் எதிர்த்தவர்கள் யாரும் அந்தப் பரீட்சைக்குப் பதிலாக வேறு திறந்த முறை ஒன்றைக் கேட்டதாகத் தெரியவில்லை. வானொலி இளைஞர்களுக்காக நடத்திவந்த வருஷாந்தரப் போட்டி மட்டும் தகராறில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் வயது வரம்பு பதினாறிலிருந்து இருபத்துநான்கு. அகாடமியும் மற்ற சபாக்களும் நடத்திய போட்டிகளும் அப்படியே, இளம் வயதினருக்கு. வளர்ந்தவர்கள் போட்டியிடுவது கௌரவக் குறைவு என்பதில் வித்வானும் சபாவும் அரசாங்கமும் ஒத்துப்போனார்கள். இதனால் அதிகம் சௌகரியம் அடைந்தவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள்தான். போட்டியே இல்லாத இடத்தில் நடுவர் யார் என்ற கேள்வி எழாது.

5

எம்.டி. ராமநாதனை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்பராவில் 1923இல் பிறந்தவர். டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர். அடையாறு கலாக்ஷேத்ராவில் வாழ்ந்தவர், கற்பித்தவர். ஒரு கட்டைக்கும் கீழே இறங்கிய சுருதி, எல்லோரும் ஓடுகிற இடத்தில் உட்கார்ந்துவிடுகிற சவுக்க காலம், ஒரு சொல்லைப் பாடிவிட்டு அடுத்த சொல் வருவதற்குள் நாம் பொறுமை இழக்கும் அளவுக்கு மௌனம். கிருதியின் வரியை அவர் சில சமயம் தாம் விரும்பிய இடத்திலிருந்து ஆரம்பிப்பார். இன்று ஏதாவது ஒரு போட்டியின் மதிப்பெண் தாளை எடுத்து, சுருதி, தாளம், பாடாந்தர சுத்தம், சாகித்திய உச்சரிப்பு, பாவம் என்ற கட்டங்களில் அவரைப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் விழுந்துவிடுவார்.

ஆனால் அவரை வீழ்த்தியது போட்டி அல்ல. போட்டி எதிலும் அவர் விழவில்லை. 1984இல் அவர் இறந்தபோது அவருக்கு பத்மஸ்ரீ உண்டு, சங்கீத கலாநிதி இல்லை. சிஷ்யர்களும் ரஸிகர்களும் சிறு கூட்டமாக அவரைக் கொண்டாடினார்கள். மற்றவர்கள் தூக்கம் வருகிறது என்று எழுந்து போனார்கள். அவர் இறந்து நாற்பது வருஷங்களுக்கு மேலாகிறது. இன்று அவர் ஒலிப்பதிவுகள் தேடிக் கேட்கப்படுகின்றன. அவரைப் போலப் பாட முயல்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். அவருக்குப் பட்டம் வேண்டாம் என்று சொன்னவர் யார்? எந்தக் கூட்டத்தில், என்ன காரணத்தால்? அல்லது யாருமே சொல்லவில்லையா, அவர் பெயர் பேச்சிலேயே வரவில்லையா? வார்சாவில் போகொரெலிச்சுக்காக ஆர்கெரிச் எழுந்து போனார். எழுந்து போக அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. ராமநாதனுக்காக எழுந்து போயிருக்கக்கூடியவர்கள் இங்கேயும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நாற்காலி இல்லை.

விமர்சனம் அந்த வேலையைச் செய்திருக்கலாம். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியவை ஒரு காலத்தில் கச்சேரிகளின் போக்கையே மாற்றும் சக்தி பெற்றிருந்தன. பின்னால் சுப்புடு வந்தார். இருவரும் காரணம் சொன்னார்கள், பொறுப்பேற்றார்கள், வசவும் வாங்கினார்கள். ஆனால் கல்கிக்கு ரஸனை இருந்த அளவு பரிசீலனை இல்லை. சுப்புடுவுக்கு ஒரு நல்ல சிலேடை கிடைத்துவிட்டால் பாடகர் எக்கேடு கெட்டால் என்ன. அதற்குப் பிறகு பத்திரிகைகளில் வருவது பாடப்பட்ட உருப்படிகளின் பட்டியலும் நாலு பெயரடைகளும்.

6

இப்போது கிளீவ்லண்ட். இரும்பும் எஃகும் செய்த நகரம். ஜார்ஜ் ஸெல் காலத்திலிருந்தே அதன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா உலகப் பிரசித்தம். 1975இல் காஸடஸுஸ் என்ற பிரெஞ்சு பியானோ கலைஞரின் பெயரால் அங்கே ஒரு சர்வதேச பியானோ போட்டி தொடங்கியது. மூன்று வருஷம் கழித்து, 1978இல், அதே ஊரில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் தியாகராஜ ஆராதனை நடந்தது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ராம்நாட் ராகவனின் தூண்டுதலும், அங்கே குடியேறியிருந்த சில தமிழ்க் குடும்பங்களின் உழைப்பும் அதற்குக் காரணம். தஞ்சாவூர் டி. விஸ்வநாதனும் ரங்கநாதனும் கற்பித்த, ஜான் ஹிக்கின்ஸ் கற்ற அதே வெஸ்லியன்தான். திருவையாற்றுக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு சிலர் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடியது பிறகு கிளீவ்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்குக்கு மாறி, ஈஸ்டரை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கும் உற்சவமாக வளர்ந்தது. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய கர்நாடக சங்கீத விழா இது என்று சொல்கிறார்கள். அதன் ஆரம்ப நாட்களில் நடப்பது குழந்தைகளுக்கான போட்டி.

வயதுவாரியான பிரிவுகள். பாட வேண்டிய உருப்படிகளின் பட்டியல் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். நடுவர்கள் விழாவுக்கு வந்திருக்கும் சென்னை வித்வான்கள். அமெரிக்காவின் பல மாகாணங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெற்றோர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே போட்டி ஒஹையோவில் நடந்தாலும் அதன் ஒரு பாதி நடப்பது மயிலாப்பூரிலும் அடையாறிலும்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு ஆசிரியை கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கலிபோர்னியாவில் முந்தின நாள் சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடுகிறாள். தாளம் திரையைத் தாண்டி வரும்போது அரை மாத்திரை பிந்துகிறது. இருவரும் அதற்குப் பழகிவிட்டார்கள். சபாவில் நாலு மணியைத் தாண்டாத எத்தனையோ வித்வான்களின் வீட்டில் அடுப்பெரிவது இந்த வகுப்புகளால். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. 2020இல் கொள்ளைநோய் வந்து சபாக்கள் மூடிக்கிடந்தபோது பலரைக் காப்பாற்றியதும் இதுதான்.

இதனால் சங்கீதத்துக்கு என்ன நேர்கிறது? நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பட்டியலில் வருகிறது என்ற ஒரே காரணத்தால் சென்னை மேடைகளில் அபூர்வமாகக் கேட்கும் கிருதிகளை அங்கே பத்து வயதுக் குழந்தைகள் சுத்தமாகப் பாடுகிறார்கள். சங்கதி பிசகுவதில்லை. சாகித்தியம் தெளிவாக வருகிறது. தெலுங்கும் சமஸ்கிருதமும் தமிழும் சரியாகப் பேசத் தெரியாத குழந்தைகள் என்று நினைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவில் வளர்ந்து சென்னைக்கே குடிவந்து டிசம்பர் மேடைகளில் முன்னுக்கு வந்தவர்கள் உண்டு. சந்தீப் நாராயண், ராமகிருஷ்ணன் மூர்த்தி இருவரும் அப்படி வந்தவர்கள். அடையாறில் ஹம்ஸத்வனி சபா வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கென்றே டிசம்பரில் தனியாகக் கச்சேரித் தொடர் வைக்கும் அளவுக்குக் கூட்டம்.

சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று பாடாந்தரம். ஷோப்பானுக்கு ஒரு மூலப்பிரதி இருக்கிறது. 'சக்கனி ராஜ'வுக்கு எது மூலம்? ஒவ்வொரு சிஷ்ய பரம்பரையிலும் சங்கதிகள் வேறு, சில இடங்களில் எடுப்பே வேறு. பாடாந்தர சுத்தம் என்று மதிப்பெண் போடும் நடுவர் எந்தப் பரம்பரையின் காதால் கேட்கிறார்? நல்ல நடுவர் இதை உணர்ந்து ஒதுங்கிக்கொள்வார். ஆனால் பெற்றோர் கணக்கு வேறு. பரிசு பெறும் பாடாந்தரம் எது என்று அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மற்றவை மெல்ல மறைகின்றன.

இரண்டாவது மனோதர்மம். போட்டி என்று வந்துவிட்டால் ஆலாபனைக்கு நிமிஷக் கணக்கு, கல்பனாஸ்வரத்துக்கு ஆவர்த்தனக் கணக்கு. குழந்தை என்ன செய்யும்? ஆசிரியர் ஆலாபனையை வாக்கியம் வாக்கியமாகப் பாடிப் பதிவு செய்து அனுப்புகிறார். கல்பனாஸ்வரம் நோட்டில் எழுதப்படுகிறது, கடைசிக் கோர்வை வரை. குழந்தை மனப்பாடம் பண்ணுகிறது. கற்பனையைச் சோதிக்க வைத்த பகுதி கற்பனைக்கு இடமில்லாத பகுதியாகிவிடுகிறது. நடுவருக்கும் இது தெரியும். தாமும் தம் சிஷ்யர்களை அப்படித்தான் தயார் செய்து அனுப்புகிறார். இது கிளீவ்லண்டுக்கு மட்டும் உள்ள குற்றமல்ல. சென்னையில் நவராத்திரியிலிருந்து டிசம்பர் வரை கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நடக்கும் எல்லாப் போட்டிகளிலும் இதே கதைதான். இங்கிருந்துதான் அது அங்கே போயிற்று.

ஆனால் ஒன்று யோசித்தால் புரியும். எழுதிப் பாடும் ஸ்வரமும், நிமிஷக் கணக்கில் அடக்கிய ஆலாபனையும், கைதட்டலுக்கான கோர்வையும் குழந்தைகள் கண்டுபிடித்தவை அல்ல. பன்னிரண்டு மணிக் கச்சேரியிலிருந்து நாலு மணிக்கு ஏற விரும்பும் இளைஞன் இதைத்தான் செய்கிறான். ராத்திரிக் கச்சேரிக்காரரும் பல சமயம் இதைத்தான் செய்கிறார். போட்டி நம் சங்கீதத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்லும் சபாக்காரர்கள், தங்கள் மேடையில் நடப்பதும் போட்டிதான் என்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள். குழந்தைகளின் போட்டியில் குறைந்தபட்சம் விதிகள் அச்சிட்ட தாளில் இருக்கின்றன.

7

2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது பெரிய சண்டை மூண்டது. பிரபல வித்வான்கள் சிலர் அந்த வருஷ மகாநாட்டிலிருந்து விலகினார்கள். வேறு சிலர் ஆதரித்து எழுதினார்கள். விஷயம் கோர்ட்டு வரை போயிற்று. ஒரு வகையில் சந்தோஷப்பட வேண்டிய சந்தர்ப்பம். அகாடமியின் தீர்ப்பு ஒன்று பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது, ஆட்கள் பெயர் போட்டுக் கட்சி சொன்னார்கள். ஆனால் அந்த விவாதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஜாதி, பெரியார், பக்தி, அரசியல் எல்லாம் உண்டு. இவை பேச வேண்டிய விஷயங்கள் அல்ல என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எப்படிப் பாடுகிறார், கச்சேரி வரிசையைக் குலைத்து வர்ணத்தை நடுவில் வைத்ததில் சங்கீத ரீதியாக என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று பேசியவர்கள் மிகக் குறைவு. கலாநிதி பட்டம் சங்கீதத்துக்குக் கொடுக்கப்படுவது என்பதே இரு தரப்புக்கும் மறந்துவிட்டது போலிருந்தது. நூறு வருஷமாக ஒருவரும் காரணம் கேட்டுப் பழகாத இடத்தில், கேட்க வேண்டி வந்தபோது எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

பெரியவர்களுக்கும் போட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பியானோ உலகமே இன்று போட்டிகளால் சலித்துப் போயிருக்கிறது. ஒரே மாதிரி பிழையில்லாமல் வாசிக்கும் நூறு பேரை உண்டாக்கியதுதான் கண்ட பலன் என்று அங்கேயே சொல்கிறார்கள். போட்டியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மதிப்பெண்ணை அல்ல. தீர்ப்புச் சொல்பவன் தன் பெயரைப் போட்டு, தான் கேட்டது என்ன, ஏன் இப்படி நினைக்கிறேன் என்று எழுதி வைக்கும் கட்டாயத்தை. அகாடமியின் பழைய நிபுணர் குழு ஒரு ராகத்தின் நிஷாதத்துக்கு இதைச் செய்தது. நாலு மணிக்குப் பாடும் பெண்ணுக்கு யாரும் செய்வதில்லை.

இந்தப் பக்கங்களைப் படிக்கும் ஐம்பது நூறு பேருக்கு இது வேறு யாருடைய வியாதியோ என்று தோன்றக்கூடாது. நம் கவிதைகளும் இப்படித்தான் தீர்மானமாகின்றன. யார் கவி, யார் கவி அல்ல என்பது டீக்கடையில் முடிவாகிவிடுகிறது. பரிசுக் குழுக்கள் பெயரை அறிவிக்கின்றன. தொகுப்புகளில் சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை. இல்லாதவர் ஏன் இல்லை என்று தொகுத்தவர் எழுதுவது அபூர்வம். நம்மிடையே ஒரு ராமநாதன் சவுக்கமாக எழுதிக்கொண்டிருந்தால் அவரை நாம் நிராகரித்துவிட்டோம் என்பதுகூட நமக்குத் தெரியப்போவதில்லை. அடுத்த இதழில் யாராவது ஒருவர், தமக்குப் பிடிக்காத ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, வரி வரியாக, தம் பெயரைப் போட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதினால் போதும்.